கீழே ஒரு மத்தியானம்

நாற்காலி சுவரில் இடித்தது.

"மெதுவாப்பா, மெதுவா," என்றாள் அவள், பின்னாலேயே இறங்கிக்கொண்டு.

ஆறாவது மாடியிலிருந்து நான்கு பேர் அவள் புருஷனைச் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி. நழுவிவிடாமல் அவளுடைய பழைய புடவையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டியிருந்தது. லிஃப்ட் ஓடி எத்தனையோ நாளாயிற்று. அதன் கம்பிக் கதவில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வெட்கம். அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கச் சிமெண்ட் மூட்டை சுமந்த மனிதர். அந்தத் தூசிதான் நெஞ்சில் தங்கி நுரையீரலை இறுக்கிவிட்டது என்றார்கள். இப்போது கக்கூஸுக்குப் போய் வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இரைப்பார்.

பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில், நாற்காலியை இறக்கிவைத்தார்கள்.

"மூட்டைன்னா முதுகுல போட்டுனு போயிடலாம்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "மனுசன்தான்டா கஷ்டம்."

"நீ பேசாத ணா. மூச்சு வாங்குது பாரு," என்றான் முன்னால் பிடித்திருந்த ஜோதி. எதிர்வீட்டுக்காரன். வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் மற்ற மூவரையும் கூட்டிவந்தவன்.

ஆற்றங்கரைக் குடிசையில் இருந்த காலத்தில் வாசலைத் தாண்டினால் தெரு. ஊருக்கு வெளியே வீடு தருகிறோம் என்று சர்க்கார் ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டபோது அவருக்கு வெறும் இருமல்தான். குலுக்கலில் ஆறாவது மாடி விழுந்தது.

காற்று நன்றாக வரும் என்று சந்தோஷப்பட்டது அவள்தான்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் கூப்பிட்டாள்.

"ரூம்லயே அடைஞ்சு கிடக்கக் கூடாதும்மா. வெளியில காத்தாட உட்கார வைங்க. நாலு பேரப் பாத்தாலே பாதி தெம்பு வரும்."

"ஆறாவது மாடிம்மா. லிஃப்ட் ஓடல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"இனிமே அவர இங்க கூட்டிட்டு வர வேணாம்மா. தூக்கி எறக்கறது அவருக்குத்தான் கஷ்டம். மாத்திரைக்கு நீங்க மட்டும் வாங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவருக்குப் புடிச்சதச் செஞ்சு குடுங்க."

ஆட்டோவில் அவர் கேட்டார்.

"அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?"

"அடுத்த மாசம்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

*

திரும்பி வந்தபோது உச்சி வெயில். தூக்கியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம்தான் வருவார்கள்.

ஆட்டோக்காரர் ஒரு கை கொடுத்தார். படிக்கட்டுக்கு எதிரே புங்கமர நிழலில் அதே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, கஞ்சி எடுத்து வர அவள் மேலே ஏறினாள்.

தூக்குச்சட்டியோடு இறங்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது.

படிக்கட்டின் கம்பி ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஆற்றங்கரையில் பக்கத்துக் குடிசையில் இருந்த பக்கிரி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"டேய் கன்னியப்பா! நீ இங்கதான் இருக்கியா? வீட்ட உட்டுட்டு எங்கியோ போயிட்டன்னு சொன்னாங்களேடா!"

"எங்கடா போவேன்? மேலதான் இருக்கேன்."

பக்கிரி அண்ணாந்து பார்த்தான். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு ஓடி வந்த பெண்களில் இரண்டு பேர் அவரிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பக்கிரி முக்குக் கடையிலிருந்து பஜ்ஜி வாங்கிவந்தான். இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்காத மனிதர், சூட்டை ஊதி ஊதித் தின்றார். ஒரு நாய் வந்து நின்றது. அதற்கும் ஒரு துண்டு.

மூச்சு அதேபோலத்தான் இரைத்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது.

அவர்தான் அதைக் கவனிக்கவில்லை.

கஞ்சி ஆறிப்போனது. அவள் இறங்கிவந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். மேலிருந்து அவர் பார்த்த தெருவுக்கு உச்சந்தலைகள்தான் இருந்தன. இப்போது அவர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். நீ யாரு பையன்? எந்த ப்ளாக்கு? பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அந்த மூலையில இருந்த டீக்கடை எங்க போச்சு?

*

வெயில் இறங்கியதும் நான்கு பேரும் வந்தார்கள். ஜோதியின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"போலாமா ணா?"

அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிரே இரண்டு பிள்ளைகள் பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு மறுபடி எறங்கணுமாம்டா," என்றார். "உங்களுக்குத்தான் தொல்ல."

"அதுக்கென்னா ணா. நாங்க இல்ல? தூக்கிட்டாப் போச்சு."

ஜோதி குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்தான். மற்றவர்களும் குனிந்தார்கள்.

"வேணாம்பா," என்றாள் அவள்.

நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வேல செஞ்சிட்டு வந்திருக்கீங்க. போய்க் குளிச்சு சாப்ட்டு வாங்க." நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டாள். "மெதுவா வாங்க. அவசரமே இல்ல."

அவர்கள் படியேறிப் போனார்கள்.

அவள் நாற்காலியைத் தெருப்பக்கமாக நன்றாகத் திருப்பிவைத்துவிட்டு, அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் முழுக்க எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஏன் என்று அவளைக் கேட்கவில்லை.