இருபத்தெட்டு மூச்சு

"இருபத்தெட்டு" என்று நர்ஸ் அட்டையில் எழுதியதும், கட்டி வைத்திருந்த பையை மகள் தரையில் இறக்கினாள். நிமிடத்துக்கு இருபதுக்கு மேல் மூச்சு ஓடினால் டாக்டர் அப்பாவை வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின்மேல் வைத்து நர்ஸ்கள் எண்ணுவார்கள்.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. அப்புறம் ஏன் சிஸ்டர் இப்படி இரைக்குது?" என்று கேட்டாள் மகள்.

"டாக்டருக்கும் அதான் புரியல" என்றாள் நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் மாற்று ஆள் வராததால், பகல் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. மொத்தம் முப்பது கட்டில்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏத்தத்துல ஏறுற பழைய வண்டி மாதிரி இழுக்குது சிஸ்டர்" என்று திணறினார்.

அந்த வார்டில் ஒரு விதி, அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எண்ணிக்கை இருபத்தைந்தைத் தாண்டினால் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கூடவே செய்து, பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். அது முடியும்வரை அவளை யாரும் கூப்பிடக் கூடாது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "நாலு எண்ணி இழுங்க ஐயா. ஆறு எண்ணி விடுங்க."

"விடுறது மட்டும் ஏன் நீளம்?"

"இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமா ஓடும். விடும்போது நிதானமாகும். அதான் விடுறதுக்கு ரெண்டு கூட."

"அப்போ பிரேக்கு வெளிமூச்சுலதான் இருக்குன்னு சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். முதல் சுற்றில் எண்ணும்போது நடுங்கிய அவள் குரல், ஐந்தாவது சுற்றில் நேரானது. பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்து அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

பதினொரு மணிக்கு இருபத்தேழு. ஒரு மணிக்கு இருபத்தாறு. ஒவ்வொரு முறையும் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு முறையும் மகளின் முகம் இன்னும் சுருங்கியது.

மூன்று மணிக்கு ஒருவழியாக மாற்று நர்ஸ் வந்தாள். பழையவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, "சீக்கிரம் வீட்டுக்குப் போங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

புதியவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினாறு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே பதினாறு. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என்னப்பா கூத்து இது? காலைலேர்ந்து நான் பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். இப்ப மட்டும் எப்படிச் சரியாச்சு?"

அப்பா கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியலம்மா."