ஐம்பத்தாறாவது நிமிடம்

இருபத்திரண்டு வருடங்களாக யாரும் பார்க்காத ஆவணப்படங்களை எடுத்துவருகிறேன். கல்யாணம் ஆகவில்லை. உறவுகள் கைகழுவிவிட்டன. திருத்தணியில் மலைப்படிக்குக் கீழே ஓர் அறையில் இருக்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அம்மையார்குப்பத்தில் நெசவாளி ஞானம்மாளைப் படமெடுத்தேன். தறியில் வெள்ளை வேட்டி பாதி நெய்தபடி இருந்தது.

“நான் செத்தா கோடித்துணி போடக்கூட நாதியில்லம்மா” என்றேன், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

“நான் போடறேங்க. நெய்துகினுதான கீறேன்” என்று சிரித்தார்.

மறுவாரம் அவரே இறந்துபோனார். நான் கோடி எடுத்துப் போகவில்லை. எடிட்டிங்கில் இருந்தேன்.

படம் நாற்பத்தொரு நிமிடம். போன வருடம் அரக்கோணத்தில் ஏழு பேருக்குத் திரையிட்டபோது நாற்பத்து நான்கு நிமிடம் ஓடியது. நான் எதையும் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு ஓட்டிய ஒவ்வொரு முறையும் படம் நீண்டது. தறியில் வேட்டியும் சாண் சாணாக வளர்ந்தது.

இன்று காலை அறையில் தனியாக ஓட்டினேன். ஐம்பத்தாறாவது நிமிடத்தில் தறிச் சத்தம் நின்றது. ஞானம்மாள் வேட்டியை அறுத்தெடுத்தார். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்.

“முடிஞ்சிடுச்சிங்க. எப்போ எடுத்தாரட்டும்?”

படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் என் பதிலுக்காக நிற்கிறார்.