எதையும் தொடக் கூடாது

சொல்வதெல்லாம் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான், அதையும் பணயம் வைத்துத்தான் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் தடய அறிவியல் நடத்தும் அந்தப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மேஜையில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டுப் போனால், அது எந்தக் காலை முதலில் தூக்கியது என்று சொல்லிவிடுவார். கோபம் வந்தால் மட்டும் யானை நின்றாலும் தெரியாது.

அன்றைக்குக் கடைசி செய்முறைத் தேர்வு. ஓர் அறையைக் கொலை நடந்த வீடு மாதிரி ஜோடித்திருந்தார். கவிழ்ந்த நாற்காலி, உடைந்த டம்ளர், தரையெல்லாம் ரத்தத்துக்குப் பதில் சிவப்புச் சாயம். நடுவில் பிணமாகக் கிடந்தவர் லேப் உதவியாளர். வருஷா வருஷம் பிணம் அவர்தான்.

ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். எல்லோரும் வந்த பிறகு, பார்த்ததை வாயால் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் போன பெண் வெளியே வரவே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பூதக்கண்ணாடிக்கு வயிறு பற்றி எரிந்தது. முட்டி தேய அவர் தெளித்த ரத்தத் துளிகளின் மேல் செருப்புத் தடம். பிணத்தைச் சுற்றிப் போட்ட சாக்பீஸ் கோடு அழிந்து போயிருந்தது. பிணமோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அவள்.

“என்னம்மா இது, கொலை நடந்த இடமா, கல்யாண வீடா?”

“சார், அது வந்து...”

உதவியாளர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“நீ சொல்லுய்யா. என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். தாகமா இருந்துச்சு.”

“பிணத்துக்குத் தாகமா?”

அவளை வெளியே கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

“முதல் வருஷம், முதல் நாள், முதல் பாடம். என்ன சொல்லிக் கொடுத்தேன்?”

“எதையும் தொடக் கூடாது.”

“நீ என்ன பண்ணே?”

“தொட்டேன்.”

“நாளைக்கு நிஜக் கொலை நடந்த இடத்துக்குப் போயும் இப்படித்தான் ஜூஸ் ஊட்டிக்கிட்டு உட்காருவியா? கொலைகாரன் உனக்குக் கும்பிடு போட்டுட்டு ஜாலியா வீட்டுக்குப் போவான். பூஜ்யம் போடறேன். இந்த வருஷம் உனக்குப் போச்சு. இனி ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து படி.”

அவள் அழவில்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்தது.

“போடுங்க சார்.”

எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டது அந்த ‘போடுங்க’.

“திமிரப் பாரு. தொடாமலே எவ்வளவு பார்க்கலாம்னு நின்னு கேட்டுட்டுப் போ. டேய், நீ சொல்லுடா.”

வகுப்பில் முதலாவதாக வருகிறவன் தொண்டையைச் செருமினான்.

“நாற்காலி வாசலைப் பார்த்து விழுந்திருக்கு சார். ரத்தம் இடமிருந்து வலமாத் தெறிச்சிருக்கு. பிணத்தோட நெத்தியில முத்து முத்தா வேர்வை.”

“கேட்டியா? அது கண்ணு. பத்துக்குப் பத்து.”

அடுத்தவள் முந்திக்கொண்டாள். “வலது கை விரல் நடுங்கிச்சு சார். இடது கை நடுங்கலை.”

“பலே. பத்து.”

“உதடு வெளுத்திருந்துச்சு சார்.”

“உனக்கும் பத்து.”

“நான் போனப்ப முனகல் கேட்டுச்சு சார். ‘யம்மா’ன்னு,” என்றான் இன்னொருவன், மார்பை நிமிர்த்தி. “தொடக் கூடாதேன்னு குனிஞ்சுகூடப் பார்க்காம வந்துட்டேன்.”

‘பத்து’ என்று சொல்ல வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

வேர்வை. நடுக்கம். வெளுத்த உதடு. முனகல்.

பூதக்கண்ணாடியின் முகத்தில் ரத்தம் ஏறியது. முன்பு வந்த கோபம் இதன் முன்னால் குழந்தை.

“ஏண்டா, மனுஷப் பிறவிகளாடா நீங்க? ஒரு ஆளு உயிருக்குப் போராடிக்கிட்டுக் கிடக்கான், வேர்வை எத்தனை சொட்டுன்னு எண்ணிட்டு வந்து மார்க் கேக்கறீங்க. உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா? பெத்தவங்க சோறு போட்டு வளர்த்தாங்களா, கல்லைப் போட்டு வளர்த்தாங்களா?”



கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் வந்து நின்றார். சட்டையெல்லாம் சாயம்.

“சர்க்கரைக்கு மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிட நேரமில்லாமப் படுத்துட்டேன் சார். சர்க்கரை இறங்கி உடம்பு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கூப்பிடலாம்னா நாக்கு எழலை. மயங்கி விழுறவன்னு தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவீங்கன்னுதான் அந்தப் பாப்பாவைப் பேச வேணாம்னேன். அதுக்காக அதோட ஒரு வருஷத்தை நான் முழுங்க முடியாது.”

“நீ உட்காருய்யா,” என்றார் பூதக்கண்ணாடி. “இந்தக் கல்நெஞ்சுக்காரப் பசங்களை நான் இன்னிக்குச் சும்மா விடப் போறதில்லை.”

“பசங்களை எதுக்கு சார் திட்டறீங்க? நடுவுல நாற்காலியைச் சரி பண்ண நீங்களும்தான் வந்தீங்க. நடுங்கிக்கிட்டுக் கிடந்தேன். ‘இந்த வருஷம் நடிப்பு பிரமாதம்யா’ன்னு சொல்லிட்டு, என்னைத் தாண்டிக் காலை வச்சுப் போனீங்க.”

அந்தப் பெண் தேர்வில் தேறிவிட்டாள், அது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். அடுத்த வருஷமும் அந்தத் தரையில் படுக்கப் போகிறவன் நான்தான்.