இருபத்தேழு வருட லாடம்

"அந்தத் திருட்டுப் பய மட்டும் என் கையில கெடைச்சான்னு வையி, இந்த ரம்பத்தாலயே அறுத்துருவேன்!"

மெர்வின் டிரஸ்கட் வழக்கமான இடத்தில் வழக்கமான வசவைத் தொடங்கிவிட்டார். குளிர்காலத்தில் மலைப்பாதையில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்க, ஜூன் மாதம் சேவைக்கு ஆட்கள் ஏறி வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இந்தத் திருப்பத்தில் உட்காருவார்கள். மெர்வின் லாடத் திருடனைத் திட்டுவார். இருபத்தேழு வருடமாக இதில் ஒன்றுகூட மாறவில்லை.

"சாப்பிடும்போதாவது நிறுத்துங்க சாமி," என்றாள் கிளெண்டா, புகைபோட்ட சால்மன் மீனை ரொட்டியில் வைத்து நீட்டியபடி. "லோர்ன் முகம் எப்படிச் சுருங்கிப்போச்சு பாருங்க."

லோர்ன் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுசா வந்தவங்க தெரிஞ்சுக்க வேணாமா?" மெர்வின் விடவில்லை. "இதே எடத்துல, மண்ணுல பாதி புதைஞ்சு ஒரு குதிரை லாடம் கெடந்துச்சு. அந்தக் காலத்துத் தோல் வியாபாரிங்களோட மூட்டை சுமந்த குதிரை! தங்கம் தேடி ஓடின கூட்டத்துக்கெல்லாம் முந்தினது. தொட்டா சாட்சி செல்லாதுன்னு அப்படியே விட்டுட்டு அதிகாரிங்களுக்குச் சொன்னேன். சரித்திரப் பாதை இதுதான்னு ஆயிட்டா, சட்டப்படி மரக் கம்பெனிக்காரன் உள்ள வர முடியாதுல்ல? திங்கட்கிழமை அவங்க வந்து பாத்தா, வெறும் குழி! அப்புறமென்ன, ரோடு போட்டான். அந்தச் சரிவையே மொட்டை அடிச்சுட்டான்."

கீழே, வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே இளமரங்கள் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றன. லோர்ன் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுப் பல வருடம் ஆகிறது.

"சரி, போதும். இன்னைக்கு நல்ல நாள்." கிளெண்டா ஒரு மரப்பலகையைத் தூக்கிக் காட்டினாள். 'லோர்ன் பாலம்' என்று செதுக்கியிருந்தது. "ஒரு வருஷம்கூடத் தவறாம வந்து உழைச்ச மனுஷன். ஓடைப் பாலத்துக்கு வேற யார் பேரை வைக்கறது?"

எல்லாரும் கை தட்டினார்கள். பலகையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார்கள்.

"மெர்வின், நீங்க கொஞ்சம் இருங்க," என்றார் லோர்ன்.

"என்னடா, வெக்கமா?"

லோர்ன் முதுகுப்பையின் அடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே, மண் அப்பிக் காய்ந்துபோன ஒரு லாடம்.

"நான்தான் மெர்வின். அந்த ஞாயித்துக்கிழமை தனியா இந்த வழியா நடந்து வந்தேன். ஷூ கயிறு கட்டக் குனிஞ்சப்ப கண்ணுல பட்டுச்சு. ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு பையில போட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் பேப்பர்ல பாத்தப்பதான் என்ன செஞ்சிருக்கேன்னே தெரிஞ்சுது."

மெர்வினின் முகம் வெளுத்தது.

"அடுத்த ஜூன்ல உங்ககிட்ட ஒத்துக்கத்தான் வந்தேன். நீங்க ரம்பத்தோட மறுமுனையை என் கையில குடுத்து, உங்க காப்பியில பாதியை ஊத்தினீங்க. சொல்ல வாயே வரல. அப்புறம் வருஷா வருஷம் அப்படியே ஆயிருச்சு. நீங்க திட்டும்போதெல்லாம் செத்துப் பொழைச்சேன். இனி என் மூஞ்சியில முழிக்காதேன்னு நீங்க சொன்னாலும் சரி. அந்தப் பலகையை மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லிருங்க."

லோர்னுக்குக் கண் கலங்கிவிட்டது. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

ஆனால் மெர்வின் கத்தவில்லை. ஓடைப் பக்கம் திரும்பி, யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு அறுத்துப்போட்ட மரத்தின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"இதை நீ கழுவவே இல்லையா?"

"இல்ல. எடுத்துப் பாக்கவே கூசும். துண்டுல சுத்தினது, இன்னைக்குத்தான் பிரிக்கறேன்."

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"பொண்டாட்டிகிட்டகூட இல்ல."

மெர்வின் பேனாக்கத்தியை எடுத்து, லாடத்தின் வளைவில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். கொஞ்ச நேரத்தில் இரும்பில் அடித்த எழுத்துகள் வெளியே தெரிந்தன.

"படி," என்றார்.

லோர்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "டிரஸ்கட்."

கீழே பாலத்தில் பலகைக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மெர்வின் தலை நிமிரவில்லை.

"எங்கப்பா பட்டறை முத்திரை. பாதையைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியலடா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் கொண்டாந்து புதைச்சேன். அதிகாரி மட்டும்னா மேலோட்டமாப் பாத்துட்டுப் போயிருப்பாரு. மியூசியத்து அம்மாவும் பிரஷ்ஷும் கையுமா வந்து நின்னுட்டாங்க. மண்ணைத் துடைச்சா எங்க பேரு தெரிஞ்சுரும், என் கதை முடிஞ்சுதுன்னு இங்க கூட்டிட்டு வந்தா, வெறும் குழி! அன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்தினவனைத்தான், யாரும் என்னைச் சந்தேகப்படக்கூடாதுன்னு, இத்தனை வருஷமா வாய் கிழியத் திட்டிட்டிருக்கேன்."