ஒற்றைச் சதுரம்

சதுரம் நேர்மையானது என்று உலகமே நம்புகிறது. இது பெரும்பிழை; நான்கு பக்கமும் சமம் என்பதைத் தவிர அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

பால்வாடியின் மரத்துண்டுப் பெட்டியில் இரண்டு சதுரங்கள் இருந்தன. தான் ஒருவனே இருந்தால் பிள்ளைகள் தன்னைத்தான் தேடுவார்கள் என்றெண்ணிய மூத்தது, இளையதை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டது.

மறுநாள் பூவிழி என்ற சிறுமி வட்டம், முக்கோணம், சதுரம் என்று வரிசையாக அடுக்கினாள். மீண்டும் வட்டம், முக்கோணம். பிறகு பெட்டியைத் துழாவினாள்.

“இன்னொரு சதுரத்தைக் காணோம், டீச்சர்!”

“அப்போ இந்தச் சதுரத்தையும் எடுத்துடு கண்ணு. வட்டமும் முக்கோணமும் மாத்தி மாத்தி வை.”

சதுரம் பதறியது. “வட்டண்ணே, நீயாவது சொல்லேன்!”

“ஒத்தையா இருக்கணும்னுதானடா ஆசைப்பட்டே?” என்றது வட்டம். “இருந்துக்கோ.”

டீச்சர் சதுரத்தை மேசைக்காலுக்கு முட்டாக வைத்தார். மேசை ஆடுவது நின்றது.