நாற்பது நாற்காலிகள்

லாஸ்பேட்டையில் இருந்த அந்தச் சின்னத் திரைப்படச் சங்கத்துக்கு, ஞாயிறு மாலைப் படத்தைத் தேர்ந்தெடுப்பவள் பூர்ணிமா. சங்கத்துக்கு இருப்பதே நாற்பது நாற்காலிகள்தான். எல்லாவற்றையும் அவளே திரையைப் பார்க்கும்படி போடுவாள். கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் யாரும் உட்கார்வதில்லை. ஆனாலும் படம் முடிந்து விளக்கைப் போட்டால், அது மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். ஏழு மாதமாக இதே கதை. சிரிப்புப் படம் போட்டாள், விருது வாங்கிய படம் போட்டாள். அது மசியவில்லை. இன்றைக்கும் திரும்பிக்கொண்டால் பொறுப்பையே விட்டுவிடுவதாக இருந்தாள்.

இன்று வசனமே இல்லாத மூன்று மணி நேரப் படம். பாதியிலேயே கூட்டம் எழுந்து போய்விட்டது.

"கடைசி வரைக்கும் ஆறே பேரும்மா. எங்கேர்ந்து புடிச்ச இந்தப் படத்த?" என்றபடி புரொஜெக்டர் ஓட்டும் கன்னியப்பன் விளக்கைப் போட்டார்.

பூர்ணிமா கடைசி வரிசைக்கு ஓடினாள். ஓரத்து நாற்காலி திரையைப் பார்த்தபடியே இருந்தது.

"அப்பாடா! புடிச்சிருக்குண்ணே!"

சிரித்துக்கொண்டே நாற்காலிகளை எண்ணி அடுக்கினாள். நாற்பதையும் அடுக்கி முடித்த பிறகும், கடைசி வரிசை ஓரத்தில் ஒன்று திரையைப் பார்த்தபடி இருந்தது.