வளைவில் நிற்கும் போலீஸ்

"நமக்குள்ளேயே ஒருத்தன் இருக்கான்" என்றான் கோல்மன், பீர்க் கோப்பையை மேசைமேல் அழுத்தி வைத்தபடி. "இங்கே குடிச்சிட்டு வண்டி எடுக்கிறவங்களைப் போலீசுக்குக் காட்டிக் கொடுக்கிறவன்."

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து ஊர் கலைந்திருந்தது. வெளியே மழை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் கோல்மனின் பப்பில் உட்கார இடம் கிடைக்காது. வாசலில் நின்றுகொண்டே குடிப்பார்கள். இன்று உள்ளே இருந்தது நான்கே பேர். அதிலும் கோல்மனும் அவன் மனைவி பிரீடாவும் கடைக்காரர்கள். மற்ற இருவர் ஆட்டுப் பண்ணைக்காரன் ஜார்லத்தும், ஓய்வு பெற்ற வாத்தியார் ஃபின்டனும். வாத்தியார் குடிப்பது தேநீர்.

"எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று கேட்டார் ஃபின்டன்.

"இங்கே குடிச்சிட்டுப் போன டோனலை ரோட்டு வளைவுல நிறுத்தி ஊதச் சொன்னாங்க. அவனுக்கு முன்னாடி போன ஃபாதரோட காரை விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் பீடர். அவன் வளைவுக்குப் பயந்து குறுக்கு வழியில போனான். அன்னைக்குப் பார்த்து போலீஸ் அங்கே நிக்குது. யாரு, எந்த வழின்னு இங்கேயிருந்து போன் போகாம அது எப்படி?"

"ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் போச்சு" என்றான் ஜார்லத். "பஸ் இல்லாத ஊர்ல பீடர் எப்படி வருவான்? சூப்பர் மார்க்கெட்ல பீர் டின் வாங்கி வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துட்டான். கேட்டா, உன்னைவிட டிவி கம்மியாத்தான் பேசுதுங்கறான்."

யாரும் சிரிக்கவில்லை.

"பாலத்துக்கிட்ட இருந்த பப்பை மூடியாச்சு. சர்ச்சுக்கு எதிர்ல இருந்த பப்புல இப்போ முடி வெட்டுறாங்க" என்றான் கோல்மன். "இன்னும் ஒருத்தனைப் புடிச்சாங்கன்னா, நானும் கடைப் பலகையைக் கழட்ட வேண்டியதுதான். அந்தப் பலகையில எங்க தாத்தா பேரு இருக்கு."

"கடை போனா எனக்கு மட்டும் வேற போக்கிடம் இருக்கா?" என்றாள் பிரீடா. "நானும் இதே மாடியிலதானே தூங்கறேன்."

ஜார்லத் மெல்லத் திரும்பினான். "வர்றவங்கள்ல குடிக்காத ஆள் ஒருத்தர்தான்."

"தேநீர் குடிச்சா காட்டிக் கொடுத்துடுவேனா?" என்றார் ஃபின்டன். "ஜார்லத், நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு மீன் பிடிக்கப் போனதையே உங்க அப்பாகிட்டச் சொல்லாதவன்டா நான்."

"ஆனா எப்பவும் அந்த ஜன்னலோரத்துலதான் உட்கார்றீங்க" என்றான் கோல்மன். "யார் வண்டியை எடுத்தாலும் பார்க்கிறீங்க."

"நான் மழையைப் பார்க்கிறேன்."

"வாத்தியாரே, இந்த ஊர்ல காட்டிக் கொடுத்தவனுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். பேரன் பிள்ளைகளைக்கூட அந்தப் பேர் விடாது."

ஃபின்டன் பிரீடாவின் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. நான் அப்படிப்பட்டவனா?"

பிரீடா துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தாள். "எனக்கு என்ன தெரியும் வாத்தியாரே?"

அவர் தேநீரை முடிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கோல்மன் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"உன்னோட கடை. நீ சொன்னாச் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார் ஃபின்டன்.

 கதவு சாத்தியதும் ஜார்லத் கோப்பையை உயர்த்தினான்.

"பாரம் இறங்கின மாதிரி இருக்குண்ணே. இன்னொண்ணு ஊத்து."

ஆளுக்கு இன்னொன்று ஊற்றிக்கொண்டார்கள். அதன்மேல் இன்னொன்று. கோல்மனுக்குப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"டோனலையும் பீடரையும் நானே வண்டியில கூட்டிட்டு வர்றேன்" என்றான் ஜார்லத்.

"கூட்டிட்டு வா. திருப்பிக் கொண்டு போய் விட நான் இருக்கேன். கடை எப்படி மூடுதுன்னு பார்த்துடலாம். எழுந்திரு, இப்போ உன்னை வீட்டுல விட்டுட்டு வர்றேன்."

அவன் வேன் சாவியை எடுப்பதைப் பார்த்துப் பிரீடா குறுக்கே வந்து நின்றாள்.

"நிறையக் குடிச்சிருக்கே கோல்மன். சாவியைக் கொடு. ரெண்டு பேரும் நடந்தே போங்க."

"இந்த மழையிலயா?"

"நனைஞ்சா காயும். சாவியைக் கொடுன்னேன்."

"இனிமே என்னடி பயம்?" அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டுச் சிரித்தான். "போன் பண்றவரைத்தான் வெளியே அனுப்பிட்டோமே."

ஜார்லத்தும் சிரித்தபடி பின்னால் போனான். வேன் ஒருமுறை உறுமி நின்றது; மறுபடி உறுமிக் கிளம்பியது. பிரீடா வாசலுக்கு வந்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாள். உள்ளே ஓடிப் போனை எடுத்தாள். 

"சார்ஜென்ட், மறுபடியும் நான்தான், பிரீடா. இன்னைக்கு ஓட்டுறது என் வீட்டுக்காரர். வளைவுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க, அந்த ரோட்டுலதான் வாத்தியார் நடந்து போயிட்டிருக்கார்."